ஒன்றாம் வகுப்புச் சுவரில் கறுப்பு வேட்டிகள்

அன்றைக்கு விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்துச் சமையல் ஷெட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஆள் கூடுகிற இடமென்றால் எனக்கு முன்னால் ஒரு மூட்டையோ கதவோ இருக்க வேண்டும். பழக்கம் அப்படி.

கீழே தேயிலைக்கு நடுவே வருகிற பாதையில் முதலில் ஒரு குடை தெரிந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் வரிசையாகப் பத்துப் பதினைந்து குடைகள். எல்லோரும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள். ஒவ்வொருவர் கக்கத்திலும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு பொட்டலம்.

முன்னால் வந்தவர் மாடசாமி அண்ணன். சபரிமலைக்குப் போகிற எங்கள் எஸ்டேட் கூட்டத்துக்கு அவர்தான் குருசாமி. வராந்தாவில் ஏறினார், கவரைப் பிரித்தார், உதறினார். கறுப்பு வேட்டி. பின்னால் வந்தவரும் உதறினார். கறுப்பு வேட்டி. அவருக்குப் பின்னாலும் கறுப்பு வேட்டி.

மாதமோ ஜூன். கார்த்திகை பிறந்து மாலை போடுவதற்கு இன்னும் ஐந்து மாதம் கிடக்கிறது. கொளுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பாதையிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஏட்டி, இங்க பாருங்க! இந்த மழையில எல்லாரும் சாமியாயிட்டாங்க!" என்று அவர்களில் ராணி கத்தியது எனக்குச் சமையல் ஷெட் வரைக்கும் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் மூட்டைக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்த வேட்டிகளைக் கேட்டவள் நான். நாலு பேர் நடுவில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. இதை எழுதும்போதுகூட எழுத்து கோணலாகப் போகிறது. இருக்கட்டும், வரிசையாகச் சொல்கிறேன்.

எட்டுத் தொட்டில்கள்

வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் எஸ்டேட். அங்கே கிரஷ்ஷில் நான் ஆயாவாக இருந்தேன். அம்மாக்கள் கொளுந்துக் காட்டுக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. யார் எப்போது பால் குடித்தது, யாருக்குக் காய்ச்சல் என்று நோட்டில் எழுத அந்தப் படிப்பு போதும். பெரியவர்களிடம் பேச வராது, பிள்ளைகளிடம் நன்றாகப் பேச வரும். எனக்கென்றே செய்த மாதிரி ஒரு வேலை.

குறுக்குக் கம்பியில் எட்டுச் சேலைத் தொட்டில்கள். காலை பத்து மணிக்கு அம்மாக்கள் பால் கொடுக்க ஓடி வருவார்கள். ஒரு தடவை மலைப்பனி மஞ்சு அப்படி இறங்கியிருந்தது, எதிரே இருக்கிற ஆள் தெரியவில்லை. ஒருத்தி அவசரத்தில் பக்கத்துத் தொட்டில் பிள்ளையைத் தூக்கிப் போய் வராந்தாவில் உட்கார்ந்து பாதிப் பசியாற்றிவிட்டாள். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. இவள் பிள்ளை உள்ளே அலறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த இரண்டு பையன்களும் இன்றைக்குத் திருப்பூரில் ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முன்னால் கடைசியாக வளர்த்த பிள்ளைகளில் ஒருத்தி சஞ்சு. சஞ்சனா என்று பெயர். அம்மா செல்வி கொளுந்து எடுக்கிறவள். அப்பா பாண்டி தேயிலை ஃபேக்டரியில் சல்லடை ரூமில் வேலை. சஞ்சு பிறக்கிற அன்றைக்கு ஜீப் மஞ்சில் ஊர்ந்து ஊர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறந்ததும் பிள்ளை அழவில்லையாம். அழவைக்க நேரம் பிடித்ததாம்.

மூன்று மாதத்தில் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். சஞ்சு சிரிக்கவில்லை. கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டினால் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பாள். பல்பை எரியவிட்டால் பல்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் ஒன்றைக் கண்டேன். மழைக்கும் அட்டைக்கும் பயந்து கொளுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு கட்டுவார்கள். மற்றவர்கள் கட்டுவது நீலம், இல்லையென்றால் கறுப்பு. செல்வி கட்டுவது நல்ல பளீர் மஞ்சள். அந்தப் படங்கு வாசலில் தெரிந்ததும் சஞ்சுவின் தலை திரும்பும். அம்மா முகத்துக்கு அல்ல, அம்மா இடுப்புக்கு! ஒரு நாள் அல்ல, தினமும் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமென்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் டாக்டர் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. கண்டதை மனசுக்குள்ளேயே பூட்டி வைப்பது என்னுடைய பெரிய குறை. ஐந்து வருஷம் பூட்டி வைத்தேன்.

"கள்ளி, நடிக்கிறா!"

சஞ்சு மெதுவாகத்தான் நடந்தாள். நடக்க ஆரம்பித்த பிறகு ஊரையே குழப்பிவிட்டாள். கதவில் முட்டிக்கொள்வாள். ஆனால் முற்றத்தில் கிடக்கிற மஞ்சள் மிட்டாய்த் தாளைக் குனிந்து எடுப்பாள். வீட்டுக்குள் ஓடுவாள். வண்டிப்பெரியார் கடைத்தெருவில் இறக்கிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அம்மா காலைக் கட்டிக்கொள்வாள். காலையில் எடுத்த பொருளைச் சாயங்காலம் தேடித் தடவுவாள்.

"ஏட்டி சஞ்சு, இது எத்தனை விரலு?" ராணி கையை நீட்டுவாள். சஞ்சு வேறு பக்கம் பார்ப்பாள். "பாத்தீங்களா, வேணும்னே திரும்பிக்கிடுதா. கள்ளி, நடிக்கிறா!"

ராணி செல்வியோடு ஒரே நிரையில் கொளுந்து எடுக்கிறவள். மனசு தங்கம். வாய்தான் கத்திரி.

கண் ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்துப் பார்த்துத்தான் காரணத்தைச் சொன்னார்கள். கண் பார்த்து அனுப்புவதை மூளை வாங்கிப் புரிந்துகொள்கிற இடத்தில் பிறக்கும்போதே அடி பட்டிருக்கிறதாம்.

அன்றைக்குச் செல்வி என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். "கண்ணு நல்லாருக்காம் ஆயாம்மா. ஆனா பாக்க வராதாம். இது என்ன ஆயாம்மா கணக்கு?"

அவள் முதுகைத் தடவிவிட்டேன்.

மலைக்குக் கீழே பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு ஸ்கூலைப் பற்றிப் பாண்டி கேள்விப்பட்டான். தானே போய்ப் பார்த்தான். நல்ல இடம், புள்ளி எழுத்தை விரலால் தடவிப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள், பிள்ளைகளைச் சிரிக்கச் சிரிக்க வைத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அங்கே ஹாஸ்டலில் விட வேண்டும். சஞ்சுவுக்கு ஆறு வயதுகூட முடியவில்லை. அம்மா கை இல்லாமல் தூங்காத பிள்ளை. செல்வி அன்றைக்கு ராத்திரி அடுப்பே பற்றவைக்கவில்லை.

குடை விரித்த டீச்சர்

அந்தச் சமயத்தில்தான் ஷீபா டீச்சர் வந்தார்கள். கூடுதல் கவனிப்பு வேண்டிய பிள்ளைகளுக்காக வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிற டீச்சர். மலையாளத்துக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழும் வந்துவிட்டது. கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை.

வந்ததும் வராந்தா பல்பை அணைக்கச் சொன்னார்கள். குடையை விரித்துத் தரையில் சாய்த்து வைத்தார்கள், ஒரு சின்னச் சுவர் மாதிரி. அதற்கு முன்னால் ஒரு சிவப்புப் பந்து. சஞ்சுவை எதிரே உட்கார வைத்தார்கள்.

"இனி ஆரும் மிண்டக் கூடாது, பேச்சே வேண்டாம். மனசுக்குள்ள எண்ணிட்டு இருங்க. குட்டிக்கு நேரம் குடுக்கணும்."

வேடிக்கை பார்க்க லயமே கூடியிருந்தது. ராணிக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், நாப்பது வருசத்துல இந்த வாயி மூடினதே இல்ல. எம் புருசன் எத்தனையோ நேர்ந்துக்கிட்டும் நடக்கல, நீங்க சொல்லியா நடக்கும்?"

"ராணிச் சேச்சி, அப்படீன்னா கொளுந்துக்குப் போய்க்கோ," என்றார்கள் டீச்சர். ராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சிவப்புப் பந்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. நூறு வரைக்கும் எண்ணினேன். எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. செல்வி காதில் போய்ச் சொன்னேன்: "மஞ்சள் வைக்கச் சொல்லு. உன் படங்கு நிறம்."

செல்வி டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் பைக்குள் தேடி ஒரு மஞ்சள் பந்தை எடுத்து வைத்தார்கள். எண்ணத் தொடங்கினேன். இருபது வரும்போது சஞ்சுவின் தலை கொஞ்சம் சாய்ந்தது. கண் ஒரு நொடி பந்தில் நின்றது. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முகம் அந்தப் பக்கம் இருக்க, கை மட்டும் நேராகப் பந்துக்குப் போய் அதைப் பிடித்தது!

அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரே சத்தம்.

"நடிப்பில்ல கேட்டோ," என்றார்கள் டீச்சர். "பாக்குறதும் கை நீட்டுறதும் ரெண்டும் ஒரே சமயத்துல பிள்ளைக்கு முடியாது. பாத்து வச்சுக்கிட்டு, திரும்பிட்டு, எடுக்குறா. எத்தன மிடுக்கி, கெட்டிக்காரி! சரி, மஞ்சள்னு ஆரு கண்டுபிடிச்சது?"

எல்லாக் கையும் என் பக்கம் திரும்பின. நான் எழுந்து உள்ளே போய் யாரும் கேட்காத டீயைப் போட ஆரம்பித்தேன்.

அன்றைக்குப் பாண்டி ஒரு முடிவு சொன்னான். "ஜூன்ல நம்ம ஸ்கூல்லயே ஒண்ணாப்புல சேத்துப் பாப்போம். அங்க அவ ஏதாவது பாத்துப் படிச்சா சரி. இல்லன்னா ஹாஸ்டல்தான் செல்வி. நாம பாசம் பாசம்னு வச்சிருந்து அவ படிப்பக் கெடுக்கக் கூடாது."

செல்வி தலையாட்டினாள். செல்வி வேலைக்குப் போகிறவள் என்பதால் சஞ்சுவோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிற பொறுப்பு எனக்கு.

பாண்டி தீட்டிய சுவர்

இனி வருவதுதான் நாங்கள் செய்த தப்பு. பாண்டியை மட்டும் சொல்ல மாட்டேன். பெயிண்ட் டப்பாவைச் சுமந்தது நான்.

தன் பிள்ளைக்கு நிறம் தெரிகிறது என்று தெரிந்ததிலிருந்து பாண்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. கோடை லீவு முழுக்க, ஃபேக்டரி வேலை முடிந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவான். தலைமை ஆசிரியை விமலா டீச்சர் மகிழ்ச்சியாகச் சாவி கொடுத்தார்கள். ஒன்றாம் வகுப்பின் நாலு சுவரிலும் மயில், ரயில், யானை, சூரியகாந்தி, மீன், பலூன், மாம்பழம், அ ஆ இ ஈ. உள்ளங்கை அகலத்துக்குக்கூட இடம் விடவில்லை. எங்கு பார்த்தாலும் மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்தில் சிவப்பு, சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை. எனக்கும் அது கண்கொள்ளாத அழகாகத்தான் இருந்தது. லீவு என்பதால் ஷீபா டீச்சர் ஊரில் இல்லை. கேட்பதற்கு யாருமில்லை.

பள்ளி திறக்கிற நாளை எங்கள் பக்கம் பிரவேசனோற்சவம் என்று கொண்டாடுவார்கள். பலூன், காகிதத் தோரணம், செண்டை மேளம், பாயசம். புதுப் பிள்ளைகளுக்குத் தலையில் காகிதக் கிரீடம் வைத்து அழைத்துப் போவார்கள். சஞ்சு மஞ்சள் கவுன் போட்டு என் கையைப் பிடித்து வந்தாள். வழியெல்லாம் பாட்டு.

ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்றாள். ஒரு கால் உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார வைத்தேன். தலையைக் கவிழ்த்தவள் மத்தியானம் வரைக்கும் நிமிரவில்லை. அவளுக்கு உயிரான மஞ்சள் பந்தைக் கண்முன்னால் பிடித்தேன். கண் அதைத் தாண்டி எங்கோ போனது. எழுந்தபோது பெஞ்சில் முட்டிக் கீழே விழுந்தாள். மறுநாளும் அப்படியே. வீட்டு வராந்தாவில் குடைக்கு முன்னால் பழகப் பழகப் பத்து எண்ணுவதற்குள் பந்தை எடுத்தவள், அந்த வகுப்பில் ஒன்றுமே தெரியாதவளாக இருந்தாள்.

பாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான். சாயங்காலம் செல்வியிடம் சொன்னான்: "முடிஞ்சது. ஹாஸ்டல்லருந்து போன் வந்துச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் சீட்டு வச்சிருப்பாங்களாம். துணி எடுத்து வை."

அது செவ்வாய்க்கிழமை.

பூப்போடாத துணி

புதன்கிழமை ஷீபா டீச்சர் வந்தார்கள். ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று நாலு சுவரையும் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னார்கள்: "பாண்டிச் சேட்டா, நல்ல அழகாயிட்டுத்தான் வரஞ்சிருக்கு. பக்ஷே இதெல்லாம் ஒண்ணா வந்தா குட்டி எதப் பாக்கும்? எல்லாம் கலங்கி ஒரே நெறமா ஆயிடும். அதுக்கு மேல செண்டைச் சத்தம் வேற. காது வேல செய்யும்போது கண்ணு நின்னு போயிடும்."

பாண்டி சுவரையே பார்த்தான். எனக்கு இன்றும் அந்த முகம் ஞாபகம் இருக்கிறது. "எங்க சல்லடையில வர்ற தூளக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடணும் டீச்சர்," என்றான். "மொத்தமாக் கொட்டினா அடைச்சுக்கிடும். ஒண்ணும் கீழ எறங்காது. தெனமும் செய்யிற வேல. நானே எம் புள்ளைக்கு மொத்தத்தையும் கொட்டிட்டேன்."

உடனே விமலா டீச்சர் எல்லோரையும் ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தார்கள். டீச்சர்மார், பாண்டி, செல்வி, இரண்டு மூன்று பெற்றோர். நான் கதவோரம்.

வெள்ளை அடிக்கலாம் என்றார் ஒருவர். இந்த மழையில் காய ஒரு வாரமாகும் என்றான் பாண்டி. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. காகிதம் ஒட்டலாம் என்றார் ஒருவர். ஈரத்தில் நிற்காது. கறுப்புத் துணி கிடைத்தால் நல்லது என்றார்கள் ஷீபா டீச்சர். கல்வி ஆபீசுக்கு எழுதிப் போடலாம், வந்து சேர நாளாகும்.

"வீட்டுல இருக்கிற துணியக் கொண்டு வந்தா?" என்று கேட்டாள் செல்வி.

எல்லோரும் யோசித்தார்கள். சேலை என்றால் பூ. லுங்கி என்றால் கட்டம். ஒருவர் வீட்டில் பெரிய போர்வை இருக்கிறதாம், அதில் ஆள் உயரத்துக்குப் புலியாம். கவலைக்கு நடுவிலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூப்போடாத துணி ஒன்று எங்கள் லயத்தில் இல்லவே இல்லை.

இருக்கிறது! எனக்குத் தெரியும். முந்நூறு முறை கொடியில் காயப்போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தேன். பின்வாங்கினேன். மறுபடியும் வந்தேன். ஐந்து வருஷம் ஒன்றைச் சொல்லாமல் வைத்தது நினைவுக்கு வந்தது.

"சாமிமாருங்க கட்டுற வேட்டி," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "யாரு, ஆயாம்மாவா பேசினது?" என்றார்கள் விமலா டீச்சர்.

"சபரிமலைக்குக் கட்டுற கறுப்பு வேட்டி. எல்லா வீட்டுலயும் ரெண்டு இருக்கு. கார்த்திகை வரைக்கும் பெட்டிக்குள்ளதான் கிடக்கும்."

விரதத் துணி அது. மாலை போட்டவர்கள் அதைத் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போடுவார்கள். அதைக் கொண்டுவந்து ஆணியடித்துச் சுவரில் மாட்டுவதா? ஏதோ தெய்வக்குற்றம் செய்துவிட்ட மாதிரி நான் மறுபடி கதவோரம் ஒதுங்கினேன். பாண்டிதான் எழுந்தான். "மாடசாமி அண்ணன்கிட்ட கேப்போம். அவரு சொன்னாச் சரி."

ஃபேக்டரி வாசலில் மாடசாமி அண்ணன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மதினி, நீங்க பேசுறதக் கேக்க நாங்க இருமுடி கட்டிட்டு வரணும்னு நெனச்சேன். பரவால்ல, வாய் இருக்கு." அப்புறம் பாண்டியிடம், "மாலை போட்டுட்டா அது சாமி வேட்டி. கழட்டி வச்ச பெறகு அது துணிதாம்ல. நாப்பத்தோரு நாள் பச்சப்புள்ளையக் கண்டாலும் சாமின்னு கூப்பிடுதோம். மத்த நாளு அந்தப் புள்ளைக்கு ஒரு துணி குடுக்க மாட்டோமா? காலையில வரச் சொல்லுதேன் எல்லாரையும்."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி குரல்: "ரொம்பச் சந்தோசம். இங்க இருந்தா எலிதான் மாலை போடும்!"

வியாழனும் வெள்ளியும்

அப்படித்தான் அந்த மழைக்காலையில் அவ்வளவு குடைகள் வந்தன. மொத்தம் எத்தனை வேட்டி என்று நான் எண்ணவில்லை. நாலு சுவருக்கும் போதும், மிச்சமும் இருந்தது. கயிறு கட்டி, ஆணி அடித்து, ஒன்றின் மேல் ஒன்று விளிம்பு படும்படி தொங்கவிட்டார்கள். "உன் வேட்டி நரைச்சுப் போச்சுடா, அத மூலையில போடு," என்று ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டார்கள். மயில் போனது, ரயில் போனது, யானை போனது. பாண்டி தான் வரைந்ததைத் தானே மூடினான்.

வெள்ளிக்கிழமை காலை. செல்வி சூப்பர்வைசரிடம் அரை நாள் கேட்டு வந்திருந்தாள். அவளோடு ராணியும், வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு. பாண்டியும் மாடசாமி அண்ணனும் வாசலில். வகுப்பில் சஞ்சுவைத் தவிர ஏழு பிள்ளைகள். ஷீபா டீச்சர் அவர்களிடம், "ஆரு ரொம்ப நேரம் ஊமையா இருக்காங்கன்னு பாக்கலாம்," என்றார்கள். ஏழு பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டார்கள்.

சஞ்சுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். வாசலில் நின்றாள். கை மேலே போனது, கண்ணைப் பொத்தத்தான். பாதியில் நின்றது. கையை இறக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

டீச்சர் கறுப்புச் சுவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் தண்ணிக் கப்பை நூலில் கட்டித் தொங்கவிட்டு லேசாக ஆட்டிவிட்டார்கள். எண்ணத் தொடங்கினேன். பத்து. இருபது. சஞ்சு தரையைப் பார்த்தாள். முப்பது. ஒரு பையன் தும்மினான். சஞ்சு அவன் பக்கம் திரும்பிவிட்டாள். அந்தப் பையன் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். டீச்சர் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கப்பை மறுபடி ஆட்டிவிட்டார்கள்.

முதலிலிருந்து எண்ணினேன். பத்து. இருபது. முப்பது. செல்வி என் கையைப் பிடித்திருந்தாள், விரல் நொறுங்குகிற மாதிரி. முப்பத்தெட்டு. தலை சாய்ந்தது. கண் போய்க் கப்பில் நின்றது. நின்றது! முகத்தைத் திருப்பினாள். மூன்று எட்டு வைத்தாள். கையை நீட்டி நூலோடு கப்பைப் பிடித்து இழுத்தாள்.

"கப்பு," என்றாள்.

ஏழு கன்னமும் ஒரே நேரத்தில் வெடித்தன. டீச்சர் கையைக் காட்டி அமர்த்தினார்கள். சத்தம் அடங்கியதும் சஞ்சு கறுப்புச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னொண்ணு."

அவளாகக் கேட்டாள்! டீச்சர் ஒரு மஞ்சள் செருப்பைத் தொங்கவிட்டார்கள். அதற்கு இருபத்தைந்துதான். மூன்றாவதாக மாடசாமி அண்ணன் பையிலிருந்த நேந்திரம்பழம். பதினெட்டு. பிடித்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "என் காலைச் சாப்பாடும்மா அது!" என்றார் அவர். ராணி சிரித்த சிரிப்பில் விமலா டீச்சர் ஆபீசிலிருந்து ஓடி வந்தார்கள்.

அப்புறம் மஞ்சள் அட்டையில் வெட்டிய ஒரே ஓர் எழுத்து. 'ப'. ரொம்ப நேரம் பார்த்தாள். கிட்டப் போய் அதன் மூன்று கோட்டிலும் விரலை ஓட்டினாள். திரும்பி வந்து மேஜை மேல் அதே மூன்று கோட்டை விரலால் போட்டாள். பிறகு கண்ணைக் கசக்கினாள். "இன்னிக்கு இது போதும். களைச்சிட்டா," என்று டீச்சர் அவளை மடியில் சாய்த்துக்கொண்டார்கள்.

செல்வி பாண்டியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "நிக்கீகளே! போனப் போடுங்க!"

எங்கள் பள்ளிக்கூடத்தில் கொடிமரத்துக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். மழையில் பாண்டி அங்கே ஓடினான். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் ஓடினோம். நானும்தான். எனக்கு முன்னால் மூட்டையும் இல்லை, கதவும் இல்லை, அதை அப்போது நான் நினைக்கவே இல்லை. குடைகளை ஒட்டி ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாண்டி போனை ஸ்பீக்கரில் போட்டான்.

ஹாஸ்டல் வார்டன் எடுத்தார். பிள்ளை அங்கே வரவில்லை, அந்தச் சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான் பாண்டி. நல்ல மனிதர் அவர், கோபப்படவில்லை. காத்திருக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது, இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். அப்புறம் ஆவலாகக் கேட்டார்: "குட்டிக்குக் காழ்ச்ச கிட்டியோ?" பிள்ளைக்குப் பார்வை கிடைத்துவிட்டதா என்று.

ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். மழை குடைகளில் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் பாண்டி வாயையே பார்த்தோம்.

"கிட்டிக்கிட்டே இருக்கு சாரே," என்றான்.